வெயில் அடித்தது, படகு ஏன் போகவில்லை? – அந்தமான் கடலும் முன்னறிவிப்பும்: விவாத இழை

வாசகர் ஒருவர், நவம்பர் 17

போன வருடம் நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஹேவ்லாக் போயிருந்தோம். திரும்பும் நாளில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் படகு ரத்து. விமானம் போய்விட்டது. கைப்பேசியில் பார்த்தால் அன்றைக்கு மழையே கிடையாது. இந்த வருடம் டிசம்பர் முதல் வாரம் மறுபடி போகிறோம். இந்த முன்னறிவிப்பை நம்பலாமா, இல்லை எல்லாம் சும்மா எழுதி வைப்பதா? மழை இல்லாத நாளில் படகை நிறுத்துவது வெறும் சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

நவம்பர் 17, இரவு

சோம்பேறித்தனம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் தூங்கப் போயிருப்பேன்.

நான் இருப்பது போர்ட் பிளேரில். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று எழுத வேண்டும், என் கைக்கு இன்னும் பழகவில்லை. தீவு தீவாகப் போய் ஜெனரேட்டர் பழுதுபார்ப்பது பிழைப்பு. எனவே படகு ரத்தாவதில் உங்களைவிட எனக்கு நஷ்டம் அதிகம்.

நீங்கள் பார்த்தது வானம். படகு போவது கடலில். ஹேவ்லாக் (2018-லிருந்து ஸ்வராஜ் தீவு) போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்றும் வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. மியான்மர் பக்கத்திலிருந்து தடுக்க ஆளில்லாமல் ஓடி வந்த காற்று எழுப்பும் அலையைப் படகு போகும்போது முகத்தில் வாங்கும், வரும்போது முதுகில் வாங்கும். முதுகில் வாங்குவது சுகம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காற்றுக்கு மேகம் தேவையில்லை, பளீரென்ற வெயிலிலும் வீசும்.

வானிலைத் துறையின் தினசரி அறிக்கையைக் கீழிருந்து மேலே படியுங்கள். முதல் பத்தி மழை, அது துணி காயப்போடுகிறவர்களுக்கு. கடைசியில் மீனவர்களுக்கு என்று இரண்டு வரி இருக்கும், காற்றின் வேகமும் அலை உயரமும் அங்கே இருக்கும். அலை 2 மீட்டர் என்று போட்டிருந்தால் 2 மீட்டருக்குமேல் வராது. அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நவம்பர் 18, அதிகாலை

மேலே கடைசிக்கு முந்தைய வரி தவறு. தூக்கத்தில் எழுதியது. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள்.

அறிக்கையில் வரும் அலை உயரம் உச்ச அலையின் உயரம் அல்ல. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வரும் அலைகளையெல்லாம் உயரப்படி வரிசைப்படுத்தி, மேலேயுள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வருவது அது. பழகிய கண் தூரத்திலிருந்து பார்த்து 'இவ்வளவு உயரம்' என்று சொல்வதும் ஏறக்குறைய அந்த எண்ணுக்குத்தான் வந்து நிற்கும். ஆனால் நீண்ட நேரம் கடலில் இருந்தால் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் ஒற்றை அலை ஒன்று வந்தே தீரும். 2 மீட்டர் என்றால் எங்கோ ஒரு 4 மீட்டர் காத்திருக்கிறது. கேப்டன் கணக்குப் போடுவது அந்த ஒன்றுக்காக.

நவம்பர் 18, மதியம்

அலைக்கான சொற்களைக் கேட்டார்கள். 0.5 முதல் 1.25 மீட்டர் வரை லேசான அலை. 1.25 முதல் 2.5 வரை மிதமான அலை. 2.5 முதல் 4 வரை கொந்தளிப்பு. 4 முதல் 6 வரை கடும் கொந்தளிப்பு. அதற்கு மேலும் படிகள் உண்டு, 14 மீட்டருக்கு மேலே போனால் 'அசாதாரணம்' என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அதை அளந்துகொண்டிருப்பவர்தான் அசாதாரணம்.

'மிதமான' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். 1.3 மீட்டரும் மிதம், 2.4 மீட்டரும் மிதம். முதலாவதில் டீ குடிக்கலாம். இரண்டாவதில் குடித்த டீ திரும்பி வரும்.

இன்னொரு சொல்: நம் செய்தித்தாள்கள் எழுதும் 'சூறாவளிக் காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்'. ஊரிலிருந்து உடனே தொலைபேசி வரும், புயலாமே என்று. அது புயல் அல்ல, திடீரென்று எழுந்து சில நிமிடங்கள் அடித்துவிட்டு அடங்கும் பலத்த காற்று. வானிலைத் துறையின் கணக்கில் நீடித்த காற்று மணிக்கு 63 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயரும் வைப்பார்கள். அதற்காக 40-ஐ அலட்சியமும் செய்ய முடியாது. கடல்காரர்கள் கணக்கில் அது ஏறக்குறைய 22 நாட் (மணிக்கு 22 கடல்மைல்), சின்னப் படகுகளுக்கு அது போதும்.

நவம்பர் 19

என் அப்பா பாம்பன்காரர். 1960-களில் கப்பலேறி இங்கே வந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரே தீவுக்கு இரண்டு கடல்: ராமேஸ்வரத்தின் வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தெற்கு குமுறும், வடக்கு குளம்போலக் கிடக்கும். வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். இன்று கடல் எப்படி என்று யாராவது கேட்டால் அப்பா பதில் சொல்லமாட்டார். "எந்தக் கரையில் நின்று கேட்கிறாய்?" என்பார்.

அந்தமானுக்கும் அதே சூத்திரம்தான், வடக்கு தெற்குக்குப் பதிலாகக் கிழக்கு மேற்கு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை முழுவதும் அடி வாங்கும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது. ஜூலையில் அங்கே இறங்காதீர்கள் என்று பலகை வைத்தாலும் இறங்குகிறார்கள். அதே நாளில் கிழக்கே இருக்கும் விஜயநகர் கடற்கரை தூங்கிக்கொண்டிருக்கும். டிசம்பரில் ராதாநகர் பளிங்கு, விஜயநகர் சலசலப்பு.

ஆகவே 'அந்தமானில் கடல் கொந்தளிப்பு' என்ற ஒற்றை வரியில் பாதித் தகவல்தான் இருக்கிறது. காற்றின் திசையைத் தேடுங்கள்.

நவம்பர் 19, சிறு குறிப்பு

கைப்பேசியில் தினமும் மழைப் படம் காட்டுகிறது என்று ஒருவர் பயந்து போயிருக்கிறார். கைப்பேசிக்கு அந்தமான் தெரியாது. உலகம் முழுவதையும் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும்போது நீல் போன்ற தீவு ஒரு கட்டத்துக்குள் கரைந்து போய்விடும். அந்தக் கட்டத்தில் எங்கோ கடல்மேல் பெய்வதும் உங்கள் தலையில் பெய்வதாகத்தான் படம் வரும்.

நவம்பர் 21

மழைக் கேள்விகள் நிற்கவில்லை, ஆகவே ஒரே தடவையாக.

'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்பவை ஜோடனைச் சொற்கள் அல்ல. மழை பதிவாகும் நிலையங்களில் கால் பங்கு வரை, கால் முதல் அரை, அரை முதல் முக்கால், முக்காலுக்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. மழை வரும் வாய்ப்பைப் பற்றி அவை பேசுவதில்லை, எவ்வளவு இடத்தில் வரும் என்பதைப் பேசுகின்றன. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல், மிகக் கனமழை 115.6 முதல், 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மி.மீ. வாக்கில் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே எங்களிடம் வந்துவிடும், மே மூன்றாம் வாரம் வாக்கில். 2025-இல் மே 13-ஆம் தேதியே நிக்கோபாருக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெய்தும் ஏப்ரலில் தனிக்காரி அணை இறங்கி, குழாயில் நாள்விட்டு நாள் தண்ணீர் பிடிக்கிறோம். 3,000 மி.மீ. பெய்கிற ஊரில் குடத்தோடு நிற்பதை என் மைத்துனர் நம்பவில்லை. ஒரு ஏப்ரலில் வந்தார். குடத்தோடு நின்றார்.

பிப்ரவரி, மார்ச் இரண்டும்தான் இங்கே நல்ல பிள்ளைகள்.

நவம்பர் 21, இரவு

நல்ல பிள்ளைகள் என்று சொன்னதும் ஒரு நண்பர் நினைவூட்டுகிறார், 2022 மார்ச்சில் அசனி புயல் வந்து கப்பலெல்லாம் நின்றதே என்று. உண்மை. அந்த வாரம் நான் மத்திய அந்தமானில் உள்ள ரங்கத்தில் மாட்டிக்கொண்டேன். மார்ச்சில் அப்படி ஒன்று வருவது அபூர்வம், அதற்காக மார்ச்சைக் குற்றம் சொல்ல முடியாது.

நவம்பர் 22

திருத்தம், இந்தமுறை நண்பருக்கும் சேர்த்து. 2022 மார்ச்சில் வந்தது அசனி அல்ல. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, புயலாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகியிருந்தால் அடுத்துக் காத்திருந்த அசனி என்ற பெயரைச் சூட்டியிருப்பார்கள். ஆகவே செய்தியில் எல்லோரும் முன்கூட்டியே அப்படி அழைத்துவிட்டார்கள். கடைசியில் அது புயலாகாமலேயே மியான்மர் பக்கம் போய்விட்டது. உண்மையான அசனி மே மாதம் பிறந்தது. பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்துச் சாப்பாடும் போட்டுவிட்டோம், குழந்தை வேறு வீட்டில் பிறந்தது.

ஆனால் ரங்கத்தில் மாட்டிக்கொண்டது உண்மை. பெயர் இல்லாவிட்டாலும் கப்பல் நிற்கும்.

நவம்பர் 23

இதைத்தான் ஊரில் உள்ளவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் போகும் பல புயல்கள் இந்தப் பக்கத்தில்தான் தொட்டில் கட்டுகின்றன. அங்கே செய்தி தொடங்குவது பெயர் வைத்த பிறகு. அதற்குள் எங்கள் துணி நான்கு நாளாக நனைந்திருக்கும். புயல் வருவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்பே கவனிப்புச் செய்தி, 48 மணி நேரத்தில் உஷார்ச் செய்தி என்ற ஏற்பாடெல்லாம் தொலைவில் இருக்கும் கரைக்கு நன்றாகப் பொருந்துகிறது. வீட்டு வாசலிலேயே பிறப்பதற்கு எந்த 72 மணி நேரம்?

2013 நவம்பர் 25 விடியலில் லெகர் போர்ட் பிளேர் அருகே தீவைக் கடந்தது. எங்களைத் தாண்டியபோது தீவிரப் புயல், அதன்பிறகுதான் வங்கக்கடலில் ஊதிப் பெருத்து மிகத் தீவிரப் புயலாயிற்று. ஆந்திரம் நடுங்கியது. மசூலிப்பட்டினத்தை நெருங்கும்போது தாழ்வு மண்டலமாக இளைத்துப் போய்க் கரையேறியது. நாங்கள் வாங்கிய அடியைவிட அவர்கள் வாங்கியது குறைவு, பயந்தது அதிகம். என் பட்டறைக் கூரையின் இரண்டு தகடுகள் அடுத்த தெரு மாமரத்தில் கிடந்தன.

2016 டிசம்பர் எல்லோருக்கும் தெரியும். சென்னையை 12-ஆம் தேதி வர்தா பெயர்த்தது. அதே அமைப்பு அதற்கு முந்தைய வாரம் இங்கே நின்று பெய்ததில், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போயும் முதல் நாள் அலையில் ஆட்களை ஏற்ற முடியவில்லை. கடற்படையே காத்திருந்தது என்பதைச் சோம்பேறித்தனக் கட்சி கவனிக்கவும்.

கிழக்கிலிருந்தும் வரும். 2019 ஜனவரியில் பாபுக் தென் சீனக் கடலில் பிறந்து, தாய்லாந்தைக் குறுக்கே கடந்து, பின்வாசல் வழியாக அந்தமான் கடலுக்குள் வந்தது. ஜனவரியில்!

நவம்பர் 24

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களைப் பற்றி ஒரு வரி. 1, 2 என்றால் தொல்லை தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் இணையம் நின்றால் 11-ஆம் எண் ஏற்றியாயிற்று என்போம். மாதம் இருமுறை ஏற்றுகிறோம்.

நவம்பர் 26

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மேலே நான் எழுதியதெல்லாம் காற்று, காற்று என்றே இருக்கிறது. காற்றே இல்லாத நாளில் கடல் எழுவதை விட்டுவிட்டேன்.

லிட்டில் அந்தமானின் ஹட் பே. ஒரு ஏப்ரல். இலை அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பாக இருந்தது, நுரையே இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மொத்தக் கடலும் ஒரு மூச்சு வாங்கியது. படகு துறையோடு ஏறும், இறங்கும். 300 கிலோ ஜெனரேட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு பேர் நிற்கிறோம். படகு மேலே வரும்போது இறக்கினால் இடிக்கும், கீழே போகும்போது இறக்கினால் விழும். அன்று இறக்கவில்லை.

அது எங்கேயோ தெற்கே, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கீழே பனிக்கடலை ஒட்டி அடித்த புயலின் அலை. பல நாள் பயணம் செய்து, வழியில் சின்ன அலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, நீண்ட அலைகள் மட்டும் வந்து சேர்கின்றன. குமரிக் கரையில் இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள், திருடனைப்போலச் சத்தமில்லாமல் வருவதால். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கென்று தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் உயரத்தைவிட அலைகளுக்கிடையே எத்தனை விநாடி என்று இருப்பதைப் பாருங்கள். 6 விநாடி அலை வயிற்றைக் கலக்கும். 16 விநாடி அலை படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது, துறையில் இறங்கும்போதுதான் தெரியும்.

லிட்டில் அந்தமானுக்கு அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வரும் இளைஞர்கள் இதற்காகத்தான் மார்ச், ஏப்ரலில் வருகிறார்கள். எனக்குச் சாபம், அவர்களுக்குப் பிரசாதம்.

நவம்பர் 27

ஓதத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போர்ட் பிளேரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வாக்கில் வித்தியாசம் வரும். பாம்பனில் பிறந்த அப்பாவுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி, அங்கே அவ்வளவு கிடையாது. முதல் வாரமே டுங்கியை (இங்கே சின்னப் படகுக்கு அதுதான் பெயர்) கட்டிய இடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர், திரும்பி வந்தபோது அது சேற்றில் சாய்ந்து கிடந்தது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தக் கணக்கும் மாறியது. நிலமே இடம் மாறிவிட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை இந்திரா பாயிண்ட் நாலே கால் மீட்டர் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. போர்ட் பிளேரும் அமிழ்ந்தது. சிப்பிகாட் பக்கம் நான் நெல் பார்த்த வயலில் இன்று அமாவாசை ஓதத்துக்கு உப்புநீர் ஏறுகிறது, கொக்கு நிற்கிறது. வட அந்தமானிலோ நிலம் உயர்ந்து பவளப்பாறை வெளியே வந்து காய்ந்து செத்தது. ஒரே நாளில் ஒரு பக்கம் கடல் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. முன்னறிவிப்பில் கடல் மட்டம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொக்கு ஞாபகம் வருகிறது.

தடம் மாறிவிட்டேன். இருக்கட்டும்.

நவம்பர் 28

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: 'சோம்பேறித்தனம் என்றதற்கு வருந்துகிறேன்.' வருந்த வேண்டாம். நான் அதைவிட மோசமாகச் சொன்னவன்.

ஒரு ஜூலை. நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கமோர்ட்டாவில் வேலை. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். கமோர்ட்டாவுக்கும் நன்கௌரிக்கும் நடுவே இருக்கும் துறைமுகம் இயற்கையே கட்டிக்கொடுத்த குளம். எந்தக் காற்றிலும் உள்ளே அலை எழாது. படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், கண்ணாடி. வெயில். கப்பல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதினொரு நாள். ஒரு நிக்கோபாரி வீட்டில் தாழம்பழக் கூழும் மீனும் போட்டார்கள், ஐந்தாம் நாளிலிருந்து எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கப்பல்காரர்களைத் திட்டினேன். வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டே தேங்காய் உரித்தார்.

பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்தது. ஏறினேன். கார் நிக்கோபாரைத் தாண்டிப் அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாய்க்குள் நுழைந்தோம். 150 கி.மீ. அகலம், இருபுறமும் மறைப்பு கிடையாது, மேற்கேயிருந்து பருவக்காற்றின் அலை நேரே விலாவில். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. அந்த யோசிக்கும் நேரம்தான். பங்க் படுக்கையின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் கிடந்தேன். காற்று குறைந்த பிறகு விட்ட கப்பல் இது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்.

நவம்பர் 29

பயணத் திட்டத்தைப் பற்றி: ஹேவ்லாக், நீலை முதலில் முடித்துவிட்டு, விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளைப் போர்ட் பிளேரில் வையுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க அங்கேயும் இருக்கிறது, மழையில் நனைந்தாலும் விமானம் தவறாது. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலைப் படகாகப் பாருங்கள். டிசம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், மதியப் படகு தாமதமானால் அடுத்தது கிடையாது.

டிசம்பர் 6

கேட்டவர் போய்த் திரும்பிவிட்டார். இரண்டு பக்கமும் படகு நேரத்துக்குப் போயிற்றாம். அன்றைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்: லேசான அலை. அதற்கே அவர் வாந்தி, மனைவி வாந்தி, பத்து வயது மகள் மட்டும் மேல்தளத்தில் நின்று பறக்கும் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாளாம். நாற்பத்து மூன்று.

டிசம்பர் 7

எனக்கு நாளைக்கு ஹட் பே. ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெனரேட்டர் நின்றுபோயிருக்கிறது. இன்றைய அறிக்கையின் கடைசி இரண்டு வரி: வடகிழக்குக் காற்று, 40 முதல் 50, அலை மிதம் முதல் கொந்தளிப்பு வரை. வெளியே நிலா, மேகமே இல்லை. ஸ்பேனர் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். டிக்கெட் எடுக்கவில்லை.